சிறு எஞ்சினின் கேம்ஷாஃப்ட்டை ஓட்டும் பற்சக்கரங்களை எந்தப் பொருளில் செய்வது?

நீங்கள் செய்துகொண்டிருப்பது 30 சி.சி. அளவுள்ள, காற்றால் குளிரும், ஒற்றைச் சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். கிராங்க்கேஸ் அலுமினியம். பிஸ்டன் சுழற்றும் கிராங்க்ஷாஃப்ட்டில் 24 பற்களும், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டில் 48 பற்களும் கொண்ட, மாட்யூல் 1 அளவிலான (பல் ஒன்றுக்கு 1 மி.மீ. விட்டம்) நேர்ப்பல் சக்கரங்கள். பல்லின் அகலம் 6 மி.மீ.; உச்ச வேகம் நிமிடத்துக்கு 6000 சுற்று. இரண்டையும் கையிருப்பிலுள்ள மைல்டு ஸ்டீலிலேயே வெட்டிவிடலாமா, அல்லது ஒன்றைப் பித்தளையிலோ நைலானிலோ செய்வது நல்லதா என்பது உங்கள் கேள்வி. என் பதில் இதுதான்: கிராங்க் கியரை இஎன்-24 போன்ற, கடினப்படுத்திய நிலையிலேயே கிடைக்கும் அலாய் எஃகில் செய்யுங்கள், கேம் கியரை நுண்மணி அமைப்புள்ள சாம்பல் வார்ப்பிரும்பில் செய்யுங்கள். மைல்டு ஸ்டீலோடு மைல்டு ஸ்டீலைச் சேர்க்காதீர்கள். மற்ற பொருள்களுக்கும் அவற்றுக்கு உரிய இடம் உண்டு. ஆனால் எது எங்கே பொருந்தும் என்பதைப் பல்லின் வலிமையை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது.

வலிமையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் பெரும்பாலோர் அங்கேதான் தொடங்குகிறார்கள், அங்கேயே நின்றும்விடுகிறார்கள். உங்கள் அளவுள்ள எஞ்சினில் வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங்கின் விசை 30 நியூட்டன், முழுதாகத் திறந்திருக்கும்போது 50 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். கேம் தன் 60 டிகிரிச் சுழற்சியில் வால்வை 4 மி.மீ. உயர்த்துகிறது என்றால், உயர்வின் வேகம் உச்சத்தில் ஒரு ரேடியனுக்கு ஏறத்தாழ 6 மி.மீ. ஆக இருக்கும். அந்தக் கணத்தில் ஸ்பிரிங் விசை 40 நியூட்டன். ஆகவே கேம்ஷாஃப்ட் கேட்கும் முறுக்குவிசை 0.24 நியூட்டன் மீட்டர் மட்டுமே. கேம் கியரின் பிட்ச் வட்டத்தின் (பற்கள் ஒன்றையொன்று சந்திப்பதாகக் கொள்ளும் கற்பனை வட்டத்தின்) ஆரம் 24 மி.மீ. என்பதால், பல்லின் மீது விழும் தொடுகோட்டு விசை 10 நியூட்டன், அதாவது ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடை. 16 மி.மீ. விட்டமுள்ள எக்ஸாஸ்ட் வால்வு 3 பார் மிச்ச அழுத்தத்துக்கு எதிராகத் திறக்கும்போது இன்னொரு 60 நியூட்டன் வால்வின் மீது சேரும். ஆனால் அப்போது கேம் மெதுவாகவே உயர்த்திக்கொண்டிருப்பதால் முறுக்குவிசை அந்த அளவுக்குக் கூடுவதில்லை. வால்வு, கேமின் உயர்வை அதற்குக் கடத்தும் டேப்பெட், புஷ்ராடு ஆகியவற்றின் நிறையை முடுக்கும் விசைக்கும் உராய்வுக்கும் தாராளமாக இடம் கொடுத்து, பல்லின் சுமையை 30 நியூட்டன் என்று மும்மடங்காக்கினாலும், லூயிஸ் சூத்திரத்தின்படி கிராங்க் கியரின் பல்லடியில் வரும் வளைவுத் தகைவு (ஓரலகுப் பரப்பில் விழும் விசை) 15 மெகாபாஸ்கல் அளவிலேயே நிற்கிறது. மைல்டு ஸ்டீல் இதைப் போல் பல மடங்கைத் தாங்கும், வார்ப்பிரும்பும் தாங்கும், குளிர்ந்த நிலையில் நைலான்கூடத் தாங்கிவிடும். எனவே, பல் முறியாது என்ற உறுதி இருந்தாலே பொருள் சரி என்று எண்ணினால், கையில் கிடைக்கும் எந்தப் பொருளும் சரியாகத்தான் தெரியும். உண்மையில் முடிவைத் தீர்மானிப்பவை வேறு மூன்று: இரண்டு பரப்புகளும் ஒன்றோடொன்று எப்படிப் பழகுகின்றன, முறுக்குவிசை திசை மாறும்போது பற்கள் எப்படி மோதுகின்றன, எஞ்சின் சூடானபின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் என்ன ஆகிறது.

முதலாவது, பரப்புகளின் இணக்கம். இன்வால்யூட் எனும் வளைவுள்ள வழக்கமான பற்கள் பிட்ச் புள்ளியில் மட்டுமே தூய்மையாக உருளும். அதற்கு மேலும் கீழும் உருண்டுகொண்டே வழுக்கும். வழுக்கும் இடத்தில் எண்ணெய்ப் படலம் ஒரு கணம் கிழிந்தாலும், ஒரே வகையான இரண்டு மென்மையான எஃகுப் பரப்புகள் நுண்முகடுகளில் ஒன்றோடொன்று ஒட்டிப் பற்றவைத்ததுபோல் ஆகி, அடுத்த கணம் பிய்கின்றன. பிய்ந்த துணுக்கு வேலையால் இறுகி, மூல உலோகத்தைவிடக் கடினமாகி, எதிர்ப்பல்லை உழுகிறது. மைல்டு ஸ்டீல் இணையில் எஞ்சின் ஓடத் தொடங்கிய சில மணி நேரத்திலேயே பல்லின் பக்கப்பரப்பில் குத்துக்கோடுகள் விழுவது இதனால்தான். உங்கள் சக்கரங்களில் தொடுதகைவு (பற்கள் தொடும் இடத்தில் எழும் தகைவு) எஃகுக்கு எஃகு என்றால் ஏறத்தாழ 260 மெகாபாஸ்கல்; அது மைல்டு ஸ்டீலுக்குக்கூட மீறிய அளவன்று. ஆனாலும் தேய்மானம் வருகிறது என்றால், குறை தகைவில் இல்லை, இணையில் இருக்கிறது. ஒரே இரும்புக் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு பொருள்களானாலும், ஒன்று தெளிவாகக் கடினமாகவும் மற்றொன்று கிராஃபைட் போன்ற ஏதேனும் இடைப்பொருளைத் தன்னுள் கொண்டதாகவும் இருந்தால் இந்த ஒட்டுதல் வெகுவாகக் குறைந்துவிடும். இரண்டையுமே மிகக் கடினமாக்கி, சாணை பிடித்து இழைப்பதும் சரியான வழியே. மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள் அப்படிச் செய்கின்றன. ஆனால் கடினமாக்கும்போது நெளிந்த பல்லைச் சாணை பிடித்துச் சீராக்கும் வசதி சிறு பட்டறையில் இருப்பதில்லை.

எது கடினமாக இருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை: சிறிய சக்கரம்தான். அதன் ஒவ்வொரு பல்லும் பெரிய சக்கரத்தின் பல்லைப்போல இருமடங்கு முறை வேலை செய்கிறது. 6000 சுற்றில் 100 மணி நேரம் ஓடினால் கிராங்க் கியரின் ஒரு பல் மூன்று கோடியே அறுபது லட்சம் முறை தொடுகிறது. பல் எண்ணிக்கை குறைந்தால் பல்லடி மெலிவதும் சிறிய சக்கரத்தில்தான். இதோடு, மற்ற எந்திரங்களின் பற்சக்கரங்களில் இல்லாத ஒரு கட்டுப்பாடு இங்கே உண்டு. பொதுவாக வடிவமைப்பாளர்கள் பல் எண்ணிக்கைகளுக்குப் பொதுக் காரணி இல்லாதபடி பார்த்துக்கொள்வார்கள். அப்போது ஒவ்வொரு பல்லும் எதிர்ச்சக்கரத்தின் எல்லாப் பற்களையும் முறை வைத்துச் சந்தித்து, தேய்மானம் சமமாகப் பரவும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் விகிதம் துல்லியமாக 2:1 ஆக இருந்தே தீர வேண்டும் என்பதால் அதற்கு வழியே இல்லை. கேம் கியரின் ஒவ்வொரு பல்லும் ஆயுள் முழுவதும் கிராங்க் கியரின் ஒரே பல்லைத்தான் சந்திக்கிறது. வால்வு திறக்கும் கணத்தின் உச்சச் சுமையும் ஒவ்வொரு சுழற்சியிலும் அதே மூன்று நான்கு பற்களின் மீதே விழுகிறது. ஆகவே பழைய எஞ்சின்களின் கேம் கியரில் ஓரிடத்தில் மட்டும் தேய்மானம் தெரிந்தால், பொருளிலோ வெட்டியதிலோ குறை என்று உடனே முடிவு செய்யக் கூடாது.

இரண்டாவது, திசைமாற்றம். கேமின் ஏறுமுகம் டேப்பெட்டைத் தூக்கும்போது கிராங்க் கியர் கேம் கியரைத் தள்ளுகிறது. இறங்குமுகத்தில் ஸ்பிரிங் கேமை முன்னே தள்ளுவதால் கேம் கியர் கிராங்க் கியரைத் தள்ள முயல்கிறது. அந்த மாற்றத்தில் பற்கள் பேக்லாஷ் (பற்களுக்கிடையே விட்ட தளர்வு) முழுவதையும் கடந்து மறுபக்கத்தில் சென்று மோதுகின்றன. ஒற்றைச் சிலிண்டரில் இன்னொன்றும் சேர்கிறது. கம்ப்ரெஷனில் கிராங்க்ஷாஃப்ட் வேகம் குறைந்து, வெடித்த உடனே திடீரென வேகம் எடுக்கிறது. ஃப்ளைவீல் சிறிதாக இருந்தால் இந்த ஏற்றத்தாழ்வு ஐடில் வேகத்தில் மிகுதி. கனமான கேம் கியர் தன் வேகத்திலேயே போக விரும்புவதால் இங்கேயும் பற்கள் விலகி மோதுகின்றன. மேலே நான் கணக்கிட்ட 30 நியூட்டனைவிட இந்த மோதலின் விசை பெரிதாக இருக்கலாம். அது பேக்லாஷின் அளவையும் சக்கரத்தின் எடையையும் பொறுத்தது. கேம்ஷாஃப்ட்டின் முனையில் ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவையும் பொருத்தும் எண்ணம் இருந்தால், அதன் காந்தங்கள் ஒவ்வொரு முறை பிடித்து விடும்போதும் வரும் திடீர் இழுப்புகளும் இதே பற்களுக்குத்தான் போகும். ஆகவே கேம் கியரின் நடுத்தட்டை மெல்லியதாகக் கடைந்து துளைகள் போடுவது அழகுக்காக மட்டுமன்று. பொருளைப் பொறுத்தவரை, மோதலை விழுங்கும் தன்மை இங்கே மதிப்புப் பெறுகிறது.

இந்த இரண்டு கணக்கிலும் சாம்பல் வார்ப்பிரும்பு முன்னே நிற்கிறது. அதனுள் தகடு தகடாகப் பரவிக் கிடக்கும் கிராஃபைட் தன்னளவில் ஒரு உயவுப்பொருள். எண்ணெய் குறைந்த கணங்களில் அதுவே பரப்பைக் காக்கிறது. கிராஃபைட் இருந்த நுண்குழிகள் எண்ணெயைத் தேக்கி வைக்கின்றன. அதே தகடுகள் அதிர்வையும் உறிஞ்சுகின்றன. எஃகுச் சக்கரத்தைத் தட்டினால் மணிபோல ஒலிக்கும், வார்ப்பிரும்புச் சக்கரம் மழுங்கிய ஓசையோடு நின்றுவிடும். அதன் நெகிழ்வு எண் (விசைக்கு வளைந்துகொடுக்காத விறைப்பின் அளவு) எஃகில் ஏறத்தாழ பாதி என்பதால் தொடுபரப்பு சற்று அகன்று, 260 மெகாபாஸ்கல் என்ற தொடுதகைவு 220க்குக் கீழே இறங்குகிறது. வெட்டுவதற்கும் எளிது: பிசிறு விடாது, கட்டர் சூடாகாது, பல்லின் பக்கப்பரப்பு நன்றாக வரும். இதன் குறை, இழுவிசைக்கும் அதிர்ச்சிக்கும் உடையக்கூடியது என்பது. மாட்யூல் 1 பல்லுக்கு உங்கள் சுமையில் அது பொருட்டில்லை. ஆனால் மாட்யூல் 0.5க்கு இறங்கினாலோ, கிக் ஸ்டார்ட்டையோ ஸ்டார்ட்டர் மோட்டாரையோ இதே பற்களின் வழியே இணைத்தாலோ நான் வார்ப்பிரும்பைச் சொல்ல மாட்டேன். எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். தொடர்வார்ப்பு முறையில் வார்த்த தண்டு சிறந்தது. மேலேறும் பழைய ஜன்னலின் எதிரெடையையோ அடுப்புத் தட்டையோ உடைத்துக் கடைந்தால் உள்ளே மணற்குழிகளும், குளிர்ந்து இறுகிய வெள்ளைத் திட்டுகளும் இருக்கும். அந்தத் திட்டில் பட்ட கட்டர் மீளாது.

கிராங்க் கியருக்கு இஎன்-24ஐச் சொன்னதற்குக் காரணம், அதைப் பிரினெல் கடினத்தன்மை அளவில் 250 முதல் 300 வரை கடினப்படுத்திய நிலையில் வாங்கி, அப்படியே பல் வெட்டி, மேற்கொண்டு எந்தச் சூட்டு வேலையும் இன்றிப் பொருத்திவிட முடியும் என்பதே. வேகத்தைக் குறைத்து, கூரான கட்டரோடு, எண்ணெய் ஊற்றி வெட்டினால் சிறு மில்லிங் எந்திரமே போதும். இஎன்-19உம் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்யும். இன்னும் நீடித்த ஆயுள் வேண்டுமென்றால், வெட்டி முடித்த பிறகு நைட்ரைடிங் (பரப்பில் நைட்ரஜனை ஊடுருவச் செய்வது) செய்யலாம். 500 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில், தணித்தல் இன்றியே பரப்பு கடினமாவதால் பல் நெளிவது மிகக் குறைவு. மைல்டு ஸ்டீலில் வெட்டிக் கார்பன் தூளில் புதைத்துக் கேஸ் ஹார்டனிங் (மேற்பரப்பை மட்டும் கடினமாக்குவது) செய்வது மலிவான வழிதான், ஆனால் தண்ணீரில் தணிக்கும் அந்த ஒரு நொடியில் துளை நீள்வட்டமாகவும் பல்வரிசை ஓரளவு தள்ளாட்டமாகவும் மாறக்கூடும். பிறகு சக்கரம் ஒரு சுற்றில் இறுகியும் தளர்ந்தும் ஓடும். சில்வர் ஸ்டீல் எனும் கார்பன் மிகுந்த கருவி எஃகுக்கும் அதே எச்சரிக்கை. கேம் கியர் வார்ப்பிரும்பாக இருக்கும்போது, கடினப்படுத்தாத இஎன்-8 கிராங்க் கியர்கூட மிதமாக ஓடும் எஞ்சினுக்குப் போதும். கையிலிருப்பது அதுதான் என்றால் அதற்காக வேலையை நிறுத்த வேண்டியதில்லை.

மூன்றாவது, வெப்பம். இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர் குறைவு. நைலானும் அலுமினியமும் இங்கேதான் வெவ்வேறு திசையில் பிரிகின்றன. உங்கள் அச்சுகளுக்கு இடையிலான தூரம் 36 மி.மீ. எஞ்சின் 80 டிகிரி சூடேறினால், அலுமினியக் கிராங்க்கேஸ் அந்தத் தூரத்தை 0.066 மி.மீ. விரிக்கிறது. இரண்டு சக்கரங்களும் எஃகோ வார்ப்பிரும்போ என்றால் அவை சேர்ந்து அதில் பாதியளவே, 0.033 மி.மீ., வளர்கின்றன. மிச்சத் தூரம் பற்களை விலக்குகிறது. 20 டிகிரி அழுத்தக் கோணத்தில் (பல்லின் பக்கச் சாய்வைக் குறிக்கும் கோணம்) பேக்லாஷ் 0.024 மி.மீ. கூடும். குளிர்ந்த நிலையில் அமைதியாக ஓடிய எஞ்சின் சூடானபின் கியர் ஓசை எழுப்பினால் இதுவே பெரும்பாலும் காரணம். கேம் கியர் வெண்கலமானால் இந்தக் கூடுதல் 0.015 மி.மீ. ஆகக் குறைகிறது, அலுமினியமானால் 0.008 மட்டுமே. நைலானிலோ கதை தலைகீழ். முழுச் சக்கரமும் நைலான் என்றால் அதன் 24 மி.மீ. ஆரமே 0.17 மி.மீ. வளர்ந்து, கிராங்க்கேஸின் விரிவை விழுங்கி, பேக்லாஷில் 0.086 மி.மீ. குறைத்துவிடும். குளிர்ந்த நிலையில் 0.05 மி.மீ. தளர்வு வைத்துப் பொருத்திய நைலான் சக்கரம் சூடானதும் இறுகி, உராய்ந்து, மேலும் சூடாகி, பல்லை உருக்கிக்கொள்வது இந்த வழியில்தான்.

நைலானுக்கு ஈரமும் சேர்கிறது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே அது தன் அளவில் அரை சதவீதம் வரை வளரக்கூடியது, 24 மி.மீ. ஆரத்தில் அது 0.12 மி.மீ. இயல்பான வெப்பத்தில் மாட்யூல் 1 பல்லுக்கு 20 முதல் 30 மெகாபாஸ்கல் வரை அனுமதிக்கக்கூடிய இந்தவகைப் பிளாஸ்டிக்குகள் 100 டிகிரியில் அதில் பாதியைக்கூடத் தருவதில்லை. உங்கள் பல்லடியின் 15 மெகாபாஸ்கலோடு மோதலையும் கூட்டிப் பார்த்தால் இடைவெளி மிஞ்சாது. அசிட்டால் எனும் பிளாஸ்டிக் ஈரத்தை மிகக் குறைவாகவே எடுக்கும், அளவில் நிலையாக நிற்கும், வெட்டவும் இனிது. ஆனால் 175 டிகிரியில் உருகுவது, 100 டிகிரிக்கு மேல் தொடர்ந்து வைக்கத் தகாதது. காற்றால் குளிரும் எஞ்சினின் கிராங்க்கேஸில், சிலிண்டருக்குக் கீழே, அந்த வெப்பம் அசாதாரணமன்று. பீக் எனப்படும் பிளாஸ்டிக் 343 டிகிரி வரை உருகாது, இந்த வேலைக்கு உண்மையிலேயே தகும், விலைதான் தடை. எப்படியும் பிளாஸ்டிக்கில்தான் செய்வது என்றால், முழுச் சக்கரமாகச் செய்யாமல், அலுமினிய ஹப்பின் மீது 6 மி.மீ. தடிப்புள்ள வளையமாக மட்டும் பொருத்துங்கள். அப்போது வளரும் பிளாஸ்டிக் 24 மி.மீ. அன்று, 6 மி.மீ. மட்டுமே, பேக்லாஷ் இழப்பு 0.086 இலிருந்து 0.015 ஆக இறங்கிவிடும். சாவிக்காடியை (சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் சாவிக்கான பள்ளத்தை) ஒருபோதும் பிளாஸ்டிக்கில் வெட்டாதீர்கள்.

பல்லாயிரக்கணக்கில் அச்சு வார்க்கும் தொழிற்சாலைகள் பிளாஸ்டிக் கேம் கியரை வெற்றிகரமாகப் பயன்படுத்துகின்றன என்பது உண்மை. அவர்கள் கண்ணாடி இழையும் வெப்ப நிலைப்படுத்தியும் கலந்த கலவையை, உலோக உட்பகுதியின் மேல் வார்த்து, ஆயிரம் எஞ்சின்களை ஓட்டிச் சோதித்த பிறகு விற்கிறார்கள். தண்டு வாங்கிப் பல் வெட்டுபவருக்கு அந்த மூன்றும் இல்லை. அவர்களுக்கும் எப்போதும் வெற்றி கிட்டியதில்லை. 1960களிலும் 1970களிலும் பல அமெரிக்க வி-8 எஞ்சின்களில் ஓசையைக் குறைப்பதற்காக அலுமினியக் கேம் ஸ்புராக்கெட்டுக்கு நைலான் பற்கள் பொருத்தினார்கள். அது சங்கிலி ஓட்டும் சக்கரம், நேரடிப் பற்சக்கரமன்று. ஆனாலும் பாடம் ஒன்றே. ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்து நொறுங்கிய நைலான் துண்டுகள் எண்ணெய்த் தொட்டியில் விழுந்து, பம்பின் வடிகட்டியை அடைத்தன. ஒரு பொருள் எப்படி உடைகிறது, உடைந்த துண்டு எங்கே போகிறது என்பதையும் தேர்வில் சேர்க்க வேண்டும். எஃகுப் பல் உடைந்து இரண்டு சக்கரங்களுக்கிடையே சிக்கினால் கிராங்க்கேஸே பிளக்கும். பிளாஸ்டிக் பல் உடைந்தால் எஞ்சின் நிற்கும், வடிகட்டி அடைபடும்.

ஓசையே உங்கள் முதன்மைக் கவலை என்றால், நைலானைவிட நான் டஃப்னால் வகையைத்தான் சொல்வேன்: பருத்தித் துணியை ஃபீனாலிக் பிசினில் தோய்த்து அடுக்கி அழுத்திய தகடு. ஃபோர்டு மாடல் ஏ காரின் கேம் கியரும், ஷெவர்லே நிறுவனத்தின் ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றின் கேம் கியரும் எஃகுக் கிராங்க் கியருடன் ஓடிய இவ்வகைச் சக்கரங்களே. இந்தப் பிசின் உருகாது, எண்ணெயில் ஊறாது, நைலானைப் போல வளராது. ஆனால் தகட்டிலிருந்துதான் சக்கரத்தை வெட்ட வேண்டும், அடுக்குகள் அச்சுக்குச் செங்குத்தாக அமையும்படி. உருளைத் தண்டிலிருந்து வெட்டினால் பற்கள் அடுக்கடுக்காகப் பிரியும். உலராகவே வெட்டுங்கள், தூசியை உறிஞ்சியோ முகக்கவசம் அணிந்தோ வெட்டுங்கள். எதிர்ச்சக்கரம் வழவழப்பான, கடினமான எஃகோ வார்ப்பிரும்போ ஆக இருக்க வேண்டும். பித்தளை, வெண்கலத்தோடு இது சேராது. பல்லின் கீழ்த் தாங்கலாக இருபுறமும் மெல்லிய எஃகுத் தட்டுகளை வைத்து ரிவெட் செய்தால் ஆயுள் கூடும்.

வெண்கலத்தின் மீது எஞ்சின் செய்பவர்களுக்கு ஒரு பக்தியே உண்டு. நேர்ப்பல் சக்கரத்தைப் பொறுத்தவரை அது அளவுக்கு மிஞ்சியது என்பது என் கருத்து. ஃபாஸ்பர் வெண்கலம் கடினமான எஃகின் மேல் வழுக்குவதற்கென்றே பிறந்தது. எங்கே வழுக்கல் ஓயாமல் நடக்கிறதோ அங்கே அதற்கு நிகரில்லை. பழைய கிடைமட்ட எஞ்சின்களில் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் ஓடும் கேம் தண்டைச் செங்குத்தாகக் குறுக்கிடும் சாய்பல் சக்கரங்களால் ஓட்டுவார்கள் அல்லவா, அது அத்தகைய இடம். அங்கே பற்கள் கோட்டில் அல்ல, புள்ளியில் தொடுகின்றன, சுற்று முழுவதும் நீளவாட்டில் வழுக்குகின்றன. எஃகுக்கு எஃகு அங்கே சிறிது காலமும் நிற்காது. அந்த அமைப்பில் விகிதத்தைத் தருவது பல் எண்ணிக்கையே தவிர விட்டமன்று என்பதால், இரண்டு சக்கரங்களையும் ஒரே விட்டத்தில் செய்து, சாய்வுக் கோணங்களை 63.4 டிகிரி, 26.6 டிகிரி என்று வைத்தும் 2:1 பெறலாம். இடநெருக்கடியில் அது பெரிய வசதி. உங்கள் நேர்ப்பல் அமைப்பில் வெண்கலம் கெடுதல் செய்யாது, வார்ப்பிரும்பைவிடக் கனமாகவும் விலை மிகுந்ததாகவும் இருக்கும், அவ்வளவே. வெப்ப விரிவில் மட்டும் சற்று மேல். பித்தளையோ காட்சிக்காக அவ்வப்போது ஓடும் எஞ்சினுக்குப் போதும். மணிக்கணக்கில் ஓடுவதற்கு வேண்டாம். ஒன்று நினைவிருக்கட்டும்: மென்மையான உலோகத்தில் மணல்துகளும் சாணைப்பொடியும் பதிந்துகொள்ளும். பதிந்தபின் அந்தச் சக்கரம் தான் தேயாமல் எதிரிலுள்ள கடினமான சக்கரத்தைத் தேய்க்கத் தொடங்கும். சாணைக்கல்லுக்கு அருகே வைத்துப் பொருத்தும் வேலை எதுவும் வேண்டாம்.

அலுமினியத்தைச் சாதாரண 6082 தரத்தில் செய்தால் எஃகோடு ஒட்டிப் பிய்யும். ஆனால் அதை அடியோடு ஒதுக்கிவிடவும் முடியாது. வோக்ஸ்வாகன் பீட்டிலின் காற்றுக்குளிர் எஞ்சின் பல்லாண்டுகள் எஃகுக் கிராங்க் கியரோடு இலேசு உலோகக் கேம் கியரை ஓட்டியது. அங்கே கிராங்க்கேஸும் இலேசு உலோகமே என்பதால் சூட்டில் தளர்வு அதிகம் மாறாது. பற்கள் சாய்வானவை, சக்கரம் பெரிது, எண்ணெய் தாராளம். அதோடு, பிட்ச் ஆரத்தில் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு வித்தியாசமுள்ள சக்கரங்களைத் தரம் பிரித்து எண்ணிட்டு, ஒவ்வொரு கிராங்க்கேஸுக்கும் பொருந்துவதைத் தேர்ந்து வைத்தார்கள். 7075 தரத்தில் வெட்டி, 25 முதல் 50 மைக்ரான் ஹார்டு அனோடைஸ் (மின்வேதி முறையில் கடினமான ஆக்சைடு படலம் ஏற்றுவது) செய்து, வளமான எண்ணெயில் ஓட்டினால் சிறு எஞ்சினிலும் ஓடும். அந்தப் படலம் தேய்ந்த பிறகு மட்டும் சரிவு வேகமாக இருக்கும். படலம் பல்லின் தடிப்பையும் கூட்டும் என்பதை வெட்டும்போதே கணக்கில் கொள்ள வேண்டும்.

உயவைப் பற்றி ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். நான் இதுவரை பேசியது கிராங்க்கேஸில் எண்ணெய் இருந்து, கனெக்டிங் ராடு அதைத் தெளித்துக்கொண்டிருக்கும் எஞ்சினைப் பற்றி. பிட்ச் வட்டத்தின் வேகம் உச்சத்தில் நொடிக்கு 7.5 மீட்டர் என்பதால் கிரீஸ் பூசிவிட்டு மூடினால் அது எறியப்பட்டுப் போகும். தெளிப்பு எண்ணெயே வேண்டும். மாறாக, மெத்தனால் எரிபொருளில் கலந்த எண்ணெயையே நம்பியிருக்கும் குளோ எஞ்சின் (ஸ்பார்க் இன்றி, சூடான கம்பிச்சுருளால் பற்றவைப்பது) என்றால், பிஸ்டனைக் கடந்து கசிந்து வருவதே பற்களுக்கு உயவு. அதோடு நீராவியும் அமிலமும் வரும். அங்கே வார்ப்பிரும்பு துருப்பிடிக்கும், நைலான் மெத்தனாலை உறிஞ்சி உப்பும். கடின எஃகுக் கிராங்க் கியரோடு ஃபாஸ்பர் வெண்கலக் கேம் கியர் என்பதே அத்தகைய எஞ்சினுக்குச் சரி. ஓட்டி முடித்ததும் உள்ளே பாதுகாப்பு எண்ணெய் விட்டுச் சுற்றி வைப்பதும் கட்டாயம்.

வெட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. 24 பல்லுக்கும் 48 பல்லுக்கும் வெவ்வேறு கட்டர்கள். மாட்யூல் வரிசையில் அவை வழக்கமாக 4ஆம், 6ஆம் எண்கள், அங்குல வரிசையில் எண்கள் தலைகீழாக ஓடுவதால் 5ஆம், 3ஆம் எண்கள். குளிர்ந்த நிலையில் உலோக இணைக்கு 0.04 முதல் 0.06 மி.மீ. பேக்லாஷ் போதும்; சூட்டில் அது 0.08 வரை போகும். கால ஒழுங்கு கெட்டுவிடுமோ என்று இதற்காக அஞ்ச வேண்டாம்: 0.1 மி.மீ. தளர்வு கூட கேமில் கால் டிகிரி, கிராங்க்கில் அரை டிகிரிதான். வால்வுக்கு அது ஒன்றுமில்லை. இக்னிஷன் பாயிண்ட் கேம்ஷாஃப்ட்டில் இருந்தால் மட்டும் ஸ்பார்க் சற்றுத் தள்ளாடுவது டைமிங் லைட்டில் தெரியும். ஓசைக்காகச் சாய்பல் வைக்க ஆசைப்பட்டால், முறுக்குவிசை திசை மாறும்போதெல்லாம் கேம்ஷாஃப்ட் முன்னும் பின்னும் தள்ளப்படும் என்பதை நினைத்து, இருபுறமும் திரஸ்ட் வாஷர் (தண்டின் நீளவாட்டுத் தள்ளலைத் தாங்கும் வளையம்) வையுங்கள். ஒருபுறம் மட்டும் வைத்தால் சாய்பல்லினால் கிடைத்த அமைதியைத் தண்டின் தட்டல் கெடுத்துவிடும்.

கேம் கியரைத் தண்டில் இறுக்கிச் செருகி நிறுத்தாமல், கேம்ஷாஃப்ட்டில் ஒரு ஃப்ளாஞ்ச் (விளிம்புத் தட்டு) கடைந்து, போல்ட்டுகளால் பிணைக்கும்படி செய்யுங்கள். அலுமினிய ஹப் என்றால் இது தவிர்க்க முடியாதது, ஏனெனில் 12 மி.மீ. எஃகுத் தண்டின் மேல் 80 டிகிரியில் அதன் துளை 0.011 மி.மீ. தளர்ந்து, இறுக்கமே மறைந்துபோகும். வார்ப்பிரும்புக்கும் ஃப்ளாஞ்ச் ஒரு பயன் தரும். எக்ஸாஸ்ட், இன்டேக் ஆகிய இரண்டு கேம்களின் உச்சச் சுமை விழும் இடங்கள் சக்கரத்தில் 105 டிகிரியை ஒட்டிய இடைவெளியில் இருக்கின்றன. போல்ட் துளைகளை எதிரெதிராக, சமச்சீராகப் போட்டிருந்தால், பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பற்கள் தேய்ந்து ஓசை எழும்போது சக்கரத்தைத் தண்டின் மேல் 180 டிகிரி, அதாவது சரியாக 24 பற்கள், திருப்பிப் பொருத்தலாம். சுமை அதுவரை வேலை குறைந்திருந்த பற்களுக்குப் போகும். 90 டிகிரி திருப்பினால் பயனில்லை, ஒரு கேமின் உச்சம் மற்றொன்றின் பழைய இடத்துக்கு அருகிலேயே வந்து விழும். கிராங்க் கியரில் அதே பற்களே தொடர்ந்து சுமையைத் தாங்கும். அவை இஎன்-24இல் இருப்பதால் தாங்கிக்கொள்ளும். திருப்பியபின் பழைய டைமிங் குறியை அழித்து, எதிர்ப்புறத்தில் புதிதாகக் குத்திவிடுங்கள்.